கெம்மி கணவாய்: பாறைச் சுவர்ல ஏறி ஆல்ப்ஸ் மேய்ச்சல் நிலம் வரைக்கும் நடக்க ஒரு முழு வழிகாட்டி

சுவிட்சர்லாந்துல வாலிஸ் மாநிலத்துல லாய்கர்பாட்னு ஒரு ஊர் இருக்கு, வெந்நீர் ஊற்றுக்குப் பேர் போன ஊர். அந்த ஊருக்குப் பின்னாடி நேரா நிமிர்ந்து நிக்கிற சுண்ணாம்புக்கல் பாறையை அண்ணாந்து பாத்தீங்கன்னா இதுல மனுஷன் ஏற வழி இருக்கும்னே நம்ப மாட்டீங்க, கீழ இருந்து ஒரு கோடு கூட கண்ணுக்குத் தெரியாது. ஆனா அந்தப் பாறையிலேயே வெட்டி வெச்ச பாதை ஒண்ணு முந்நூறு வருஷத்தை நெருங்கிட்டு இருக்கு, ஆளுங்க, கோவேறு கழுதைங்க, ஆடு மாடுங்க எல்லாம் அதுலதான் ஏறி இறங்கி இருக்காங்க. அதுதான் கெம்மி பாதை.

இப்ப நிறைய பேர் ரோப் கார்ல மேல போய், கணவாய்ல நின்னு போட்டோ எடுத்துட்டு, அதே ரோப் கார்ல இறங்கிடறாங்க. என் கருத்து என்னன்னா அப்படிப் பாத்தா இந்தப் பாதையோட பாதி கூட புரியாது. பாறையை நடந்து ஏறணும், மேல போனதும் திரும்பாம அந்தப் பக்கம் ஏரி தாண்டி மேய்ச்சல் நிலம் வழியா பெர்ன் மாநிலத்துக்குள்ள இறங்கணும். இவ்ளோ கஷ்டப்பட்டு பாறையில எதுக்குப் பாதை வெட்டினாங்கன்ற கேள்விக்குப் பதில் மேல அந்தப் பக்கத்துலதான் இருக்கு. ஒரே நாள்ல முடிக்கலாம், கயிறு கொக்கி எதுவும் வேணாம், கால்ல தெம்பும் தலைசுத்தல் இல்லாத மனசும் போதும்.

மொத்த ரூட் ஒரு பார்வையில

லாய்கர்பாட் சுமார் 1,400 மீட்டர் உயரம். கெம்மி கணவாய் சுமார் 2,300. அதாவது கணவாய் வரைக்கும் மட்டுமே சுமார் 900 மீட்டர் ஏத்தம், நடுவுல சமதளம்னு சொல்லிக்க பெருசா எதுவும் கிடையாது. அதுக்கப்புறம் டவுபன்சே ஏரி (2,200 சொச்சம்), ஷ்வாரன்பாக் விடுதி (2,060), ஷ்பிட்டல்மாட்டே மேய்ச்சல் நிலம் (1,900க்கு கொஞ்சம் கீழ), கடைசியா சுன்பியூல் ரோப் கார் ஸ்டேஷன் (1,936). அங்கிருந்து ரோப் கார்லயோ நடந்தோ காண்டர்ஷ்டேக் ஊருக்கு இறங்கலாம்.

பாறை ஏற ரெண்டரைல இருந்து மூணு மணி நேரம், கணவாய்ல இருந்து சுன்பியூல் வரைக்கும் இன்னொரு ரெண்டரை மணி நேரம்னு வெச்சுக்கோங்க, இது நடக்கற நேரம் மட்டும்தான், சாப்பாடு, போட்டோ, சும்மா உக்காந்து பாக்கறது எல்லாம் தனி. காலைல எட்டு மணிக்குள்ள கிளம்பிட்டா நிதானமா முடியும்.

இதையே திருப்பி, காண்டர்ஷ்டேக்ல ஆரம்பிச்சு லாய்கர்பாட்ல முடிக்கலாமான்னு கேப்பாங்க. முடியும், நிறைய பேர் அப்படித்தான் போறாங்க. ஆனா 900 மீட்டர் செங்குத்தா இறங்கறது முட்டிக்கு ரொம்ப கஷ்டம், அதுவும் நாள் முழுக்க நடந்து களைச்ச கால்ல, பக்கத்துல பள்ளம் தெரியற பாதையில. ஏறும்போது கண்ணு பாறையைப் பாக்கும், இறங்கும்போது கண்ணு பள்ளத்தைப் பாக்கும், உயரம் பயம் கொஞ்சம் இருக்கறவங்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு. அதனால நான் எப்பவும் சொல்றது பாறையில ஏறுங்க, புல்வெளியில இறங்குங்க.

எப்ப போகலாம்

ஜூன் கடைசில இருந்து அக்டோபர் ஆரம்பம் வரைக்கும். ஜூன்லயே ஊர்ல வெயில் அடிக்கும், பூ பூத்திருக்கும், ஆனா மேல பனி கரையாம கிடக்கும், டவுபன்சே ஏரி மேல ஐஸ் கூட மிதக்கும், அதைப் பாத்து ஏமாந்துடாதீங்க. பாறைப் பாதையில நிழலான வளைவுல பழைய பனி கட்டியா கிடந்தா அதுல கால் வழுக்கினா பிடிக்க எதுவும் இருக்காது. கிளம்பறதுக்கு முந்தின நாள் கெம்மி ரோப் கார்காரங்க வெப்சைட்ல பாதை திறந்திருக்கான்னு பாருங்க, கல் விழுந்தா பாதையை மூடி வெப்பாங்க, மூடியிருக்குன்னு போர்டு இருந்தா அது சும்மா வெச்சது இல்ல.

ஆடு மாடு பாக்கணும்னா ஜூலை, ஆகஸ்ட். செப்டம்பர்ல மாடுங்களைக் கீழ ஓட்டிட்டுப் போயிடுவாங்க, அப்புறம் புல்வெளி காலியா இருக்கும், ஆனா வானம் தெளிவா இருக்கும், கூட்டமும் குறைவு. ஜூலை மாசக் கடைசி ஞாயிறு டவுபன்சே கரையில மேய்ப்பர் திருவிழா நடக்கும், அன்னிக்கு முடிஞ்சா கண்டிப்பா போங்க, அதைப் பத்தி கீழ சொல்றேன்.

மதியத்துக்கு மேல இடி மின்னல் வர்றது கோடைல சர்வ சாதாரணம். மேட்டியோஸ்விஸ்ன்ற வானிலை ஆப் போன்ல வெச்சுக்கோங்க, மதியம் இடி வரும்னு போட்டிருந்தா காலைல ஆறரைக்கே நடக்க ஆரம்பிங்க, இல்லன்னா அன்னிக்கு ஊர்ல வெந்நீர்ல ஊறிட்டு அடுத்த நாள் போங்க.

என்ன எடுத்துட்டுப் போகணும்

நல்ல பிடிப்பு இருக்கற ட்ரெக்கிங் ஷூ, இதுல மட்டும் சமரசம் வேணாம். சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூல ஏறறவங்களைப் பாக்கலாம், காஞ்ச நாள்ல சமாளிச்சுடுவாங்க, மழை பேஞ்சா சுண்ணாம்புக்கல் சோப்பு மாதிரி வழுக்கும். ரெயின் ஜாக்கெட், ஒரு ஸ்வெட்டர், தொப்பி, சன்ஸ்கிரீன், ரெண்டு லிட்டர் தண்ணி. பாறை ஏறற வழியில கடையும் கிடையாது, தண்ணியை நம்பவும் முடியாது, ஊர்ல இருக்கற குடிநீர்க் குழாய்லயே நிரப்பிக்கோங்க. சுவிஸ் ஊர்கள்ல தெருவோரத் தொட்டித் தண்ணியைத் தைரியமா குடிக்கலாம், குடிக்கக் கூடாதுன்னா "கைன் டிரிங்க்வாஸர்"னு எழுதி இருப்பாங்க.

ட்ரெக்கிங் ஸ்டிக் இருந்தா நல்லது. கொஞ்சம் காசு கையில வெச்சுக்கோங்க, மேல எல்லா இடத்துலயும் கார்டு எடுப்பாங்கன்னு சொல்ல முடியாது. வெஜிடேரியனா இருந்தா கவலை வேணாம், சீஸும் உருளைக்கிழங்கும் எல்லா மலை விடுதிலயும் கிடைக்கும். ஆனா காரமா ஏதாவது இல்லாம சாப்பாடு இறங்காதுன்னா அதை நீங்களே கட்டிட்டுப் போகணும்.

முதல் கட்டம்: ஊர்ல இருந்து பாறை அடிவாரம்

ரயில்ல வர்றவங்க ரோன் பள்ளத்தாக்குல இருக்கற லாய்க் ஸ்டேஷன்ல இறங்கி பஸ் புடிச்சா அரை மணி நேரத்துல லாய்கர்பாட். முந்தின நாளே வந்து தங்கிட்டா காலைல அவசரம் இருக்காது. ஊரோட மேல் பக்கம் கெம்மி ரோப் கார் ஸ்டேஷன் இருக்கும், அங்க போய் மஞ்சள் கலர் கைகாட்டில "கெம்மி"ன்னு பாருங்க. பாதை முழுக்க வெள்ளை சிவப்பு வெள்ளைன்னு பட்டை பெயின்ட் அடிச்சிருப்பாங்க, சுவிஸ்ல மலைப் பாதைக்கு அதுதான் அடையாளம். வெறும் மஞ்சள்னா சாதாரண நடைபாதை, வெள்ளை நீலம் வெள்ளைன்னா அது அனுபவசாலிகளுக்கு, அந்த கலர் கண்ணுல பட்டா நீங்க ரூட் மாறிட்டீங்கன்னு அர்த்தம். பக்கத்துல டவுபன்ஹார்ன் மலைக்கு இரும்பு ஏணி, கம்பி எல்லாம் போட்ட ஏற்றப் பாதை ஒண்ணு இருக்கு, அது வேற விளையாட்டு, சரியான கியரும் பழக்கமும் இல்லாம அந்தப் பக்கம் போகாதீங்க.

ஆரம்பத்துல மரமும் புல்லுமா இருக்கும், இங்க வேகமா போயிடாதீங்க. மூச்சு வாங்காம பக்கத்துல இருக்கறவங்களோட பேசிட்டே ஏற முடியற வேகம் எதுவோ அதுதான் சரியான வேகம், முதல் அரை மணி நேரத்துல அதைப் புடிச்சுட்டீங்கன்னா கடைசி வரைக்கும் அதே வேகத்துல போயிடலாம்.

ரெண்டாம் கட்டம்: பாறைச் சுவர்

இங்கதான் ஆச்சரியம் ஆரம்பிக்குது. தூரத்துல சுவரா தெரிஞ்ச பாறைக்குள்ள கொண்டை ஊசி வளைவு மேல கொண்டை ஊசி வளைவா பாதை மடிஞ்சு மடிஞ்சு போகும், சில இடத்துல பாறையைக் குடைஞ்சு தலைக்கு மேல கூரை மாதிரி விட்டிருப்பாங்க, சில இடத்துல கல்லை அடுக்கி சுவர் கட்டி அது மேல பாதை போட்டிருப்பாங்க. 1739ல இருந்து 1741 வரைக்கும் ஆல்ப்ஸ்லயே கிழக்குப் பக்கம் இருக்கற திரோல் பகுதியில இருந்து வந்த தொழிலாளிங்க வெடி வெச்சும் உளியால செதுக்கியும் போட்ட பாதை இது. இன்னிக்கு நம்ம கால் வெக்கிற ஒவ்வொரு திருப்பத்தையும் அன்னிக்கு ஒருத்தர் பாறையில தொங்கிட்டு அளந்திருக்கார்னு நினைச்சா உடம்பு சிலிர்க்குது.

பாதை நல்ல அகலம், பயந்த மாதிரி இருக்காது, தேவைப்படற இடத்துல கம்பி வேலி இருக்கு. ஆனா அகலம்ன்றதால அசட்டை கூடாது, வெளி ஓரம் பல இடத்துல அப்படியே பள்ளம். ஒரு காலத்துல வசதியான ஆளுங்க இதுல குதிரை மேலயும், நாலு பேர் தூக்கற நாற்காலியிலயும் போவாங்க. 1861ல ஒரு பிரெஞ்சு பிரபுக் குடும்பத்துப் பெண் இங்க குதிரை மேல இருந்து பள்ளத்துல விழுந்து இறந்துட்டாங்க, அந்தக் காலத்து பயண கைடு புத்தகங்கள் குதிரையில உக்காந்து இந்தப் பாதையில இறங்கக் கூடாதுன்னு எச்சரிச்சிருக்கு.

நடக்கும்போது மனசுல வெச்சுக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, கல்லைத் தட்டி விடாதீங்க. வளைவுங்க ஒண்ணுக்கு மேல ஒண்ணா இருக்கறதால நீங்க தெரியாம உருட்டற சின்னக் கல் கீழ நாலு வளைவு தாண்டி வர்றவங்க தலையில குண்டு மாதிரி விழும், குறுக்கு வழியில தாவி ஏறறதும் இதனாலதான் தப்பு. ரெண்டு, எதிர்ல ஆளோ ஆடோ வந்தா நீங்க பாறைப் பக்கம் ஒதுங்கி நில்லுங்க, பள்ளத்துப் பக்கம் போய் நின்னு வழி விடற மரியாதை இங்க வேணாம். குழந்தைங்க கூட வந்தா அவங்களை எப்பவும் உள்பக்கம் நடக்க விடுங்க.

வெயில் அடிச்சா பாறை சூடாகி அனல் அடிக்கும், அதுக்கும் சேத்துதான் சீக்கிரம் கிளம்பச் சொல்றேன். களைச்சா அகலமான வளைவு பாத்து உக்காருங்க, கீழ ஊர் பொம்மை வீடு மாதிரி சின்னதாகிட்டே போகும், நீங்க ஏறின உயரம் கண்ணுக்கு நேரா தெரியும், இந்த ஒரு சந்தோஷம் ரோப் கார்ல வராது.

மூணாம் கட்டம்: கணவாயும் டவுபன்சேயும்

கடைசி வளைவு தாண்டினதும் சுவர் முடிஞ்சு திடீர்னு இடம் விரியும். தெற்குப் பக்கம் திரும்பி நின்னா ரோன் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் வாலிஸ் ஆல்ப்ஸ் வரிசையா நிக்கும், வைஸ்ஹார்ன், மேட்டர்ஹார்ன் எல்லாம் தெளிவான நாள்ல நல்லாத் தெரியும். மேல ஓட்டல், டீ காபி, டாய்லெட் எல்லாம் இருக்கு. இதுவரைக்கும் வந்து உடம்பு முடியலன்னா தயங்காம ரோப் கார்ல இறங்கிடுங்க, வெக்கப்பட இதுல ஒண்ணும் இல்ல.

இறங்கி டவுபன்சே ஏரிக்குப் போங்க. இந்த ஏரியில இருந்து தரை மேல தண்ணி வெளிய போற ஆறு கிடையாது, சுண்ணாம்புக்கல் நிலம்ன்றதால தண்ணி அடியில வெடிப்புங்க வழியா எங்கயோ போயிடுது, அதனால சீசனுக்கு சீசன் தண்ணி மட்டம் பயங்கரமா ஏறி இறங்கும். ரெண்டு கரையிலும் பாதை இருக்கு.

ஜூலைக் கடைசி ஞாயிறு இந்தக் கரையிலதான் மேய்ப்பர் திருவிழா. சுத்தி இருக்கற சரிவுல மேய்ற செம்மறி ஆடுங்க நூத்துக்கணக்குல ஏரியைச் சுத்தி ஓடி வந்து மேய்ப்பர்ங்களை மொய்ச்சுக்கும், ஏன்னா அவங்க கையில உப்பும் தவிடும் கலந்த தீனி இருக்கும். மலைப் புல்லுல உப்புச் சத்து குறைவு, அதனால ஆடுங்களுக்கு உப்பு மேல அவ்ளோ ஆசை. வாலிஸ் பக்கத்துக்கே உரிய கருப்பு மூஞ்சி, சுருள் முடி, ரெண்டு பக்கமும் முறுக்கின கொம்பு இருக்கற ஆடுங்களை நேர்ல பாக்கலாம். பூசை, அல்ப்ஹார்ன்ற நீள மரக் கொம்பு வாசிப்பு, உருக்கின ராக்லெட் சீஸ்னு நாள் முழுக்க கலகலன்னு இருக்கும், வாலிஸ்காரங்களும் பெர்ன்காரங்களும் ரெண்டு பக்கமும் ஏறி வந்து கூடற நாள்.

நாலாம் கட்டம்: ஷ்வாரன்பாக்

ஏரி முடிஞ்சதும் வழி கல்லும் கரடுமா இறங்கி ஒரு மணி நேரத்துக்குள்ள ஷ்வாரன்பாக் வந்துடும். 18ஆம் நூற்றாண்டுல சுங்கச் சாவடியா கட்டின வீடு இது, இன்னிக்கும் விடுதியா நடக்குது. உப்பு, ஒயின், கால்நடைன்னு ரெண்டு மாநிலத்துக்கும் நடுவுல போன சரக்குக்கு இங்க வரி வசூலிச்சிருக்காங்க. மதிய சாப்பாட்டுக்கு இதுதான் சரியான இடம். ராத்திரி தங்கணும்னா ரூமும் இருக்கு, விலை குறைவா பொதுப் படுக்கையும் இருக்கு, முன்னாடியே சொல்லி வெச்சுட்டு வாங்க. நேரம் இருக்கறவங்க ஒரு ராத்திரி தங்குங்கன்னு சொல்வேன், சாயங்காலம் பகல் நேரக் கூட்டம் போனதுக்கு அப்புறம் மர்மோட்டுன்ற குண்டு மலை அணிலுங்க விசில் அடிக்கிறது தெளிவா கேக்கும், காலைல ஐபெக்ஸ் ஆடுங்க பாறையில நிக்கறதையும் பாக்க வாய்ப்பு உண்டு.

அஞ்சாம் கட்டம்: ஷ்பிட்டல்மாட்டே

இதுக்காகத்தான் இவ்ளோ தூரம். கல்லு முடிஞ்சு பச்சை ஆரம்பிக்கும், மாட்டு மணிச் சத்தம் முதல்ல காதுல விழும், அப்புறம்தான் மாடு கண்ணுல படும். கணவாய் தாண்டி வடக்குப் பக்கம் வந்துட்டோம், ஆனா இந்த மேய்ச்சல் நிலம் இன்னும் லாய்கர்பாட்காரங்களோடதுதான். அதாவது அந்த ஊர்க்காரங்க தங்களோட மேய்ச்சலுக்குப் போகணும்னா அந்தப் பாறைச் சுவரைத் தாண்டித்தான் வரணும். பாதை எதுக்குன்னு இங்க நின்னா புரியும். ஜூன்ல மாடுங்க மேல வரும், நூறு நாள் மாதிரி மேயும், செப்டம்பர்ல இறங்கும். இப்படி ஆல்ப்ஸ்ல கோடைக்கு மட்டும் மேல போய் மாடு மேச்சு சீஸ் செய்யற வாழ்க்கை முறையை 2023ல யுனெஸ்கோ கலாச்சாரப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க. பல ஊர்கள்ல ஒரு குடும்பம் இத்தனை மாடு மேய்க்கலாம்னு உரிமை கணக்கு வெச்சு பரம்பரையா காப்பாத்தறாங்க, புல் தாங்கற அளவுக்கு மேல ஒரு மாடும் ஏறாது.

வலது பக்கம் தலை தூக்கிப் பாருங்க, பெரிய சறுக்குப் பலகை மாதிரி வழவழன்னு சாஞ்சு நிக்கிற மலை ஆல்டெல்ஸ், 3,600 மீட்டருக்கு மேல. 1895 செப்டம்பர் 11 விடியக்காலைல அந்தச் சரிவுல இருந்த பனியாறு உடைஞ்சு, நாப்பது லட்சம் கன மீட்டருக்கு மேல ஐஸ் இந்தப் புல்வெளி மேல விழுந்துச்சு. ஆறு பேர் செத்தாங்க, நூத்தம்பதுக்கும் மேல மாடுங்க செத்துச்சு, ஐஸ் எதிர்ப் பக்கத்து மலைச் சரிவுல ஏறுற அளவுக்கு வேகம். மாடுங்களைக் கீழ ஓட்டிட்டுப் போற நேரம் நெருங்கி இருந்த சமயம் அது. 1782லயும் இதே இடத்துல இதே மாதிரி நடந்திருக்கு. இன்னிக்கு அந்தப் பனியாறு ரொம்பவே கரைஞ்சு போச்சு. ஆனா மலை தூங்கிடுச்சுன்னு யாரும் நினைக்கறது இல்ல, 2025 மே 28 அன்னிக்கு பக்கத்துல லோட்ஷன்டால் பள்ளத்தாக்குல பனியாறு சரிஞ்சு ப்ளாட்டன் கிராமம் கிட்டத்தட்ட முழுசாப் புதைஞ்சு போச்சு, முன்கூட்டியே ஊரைக் காலி பண்ணினதாலதான் ஒருத்தரைத் தவிர மத்த எல்லாரும் உயிர் தப்பிச்சாங்க. இந்தப் புல்வெளியில நிக்கும்போது ஒரு நிமிஷம் 1895ல இங்க செத்த அந்த ஆறு பேரை நினைச்சுக்கோங்க.

மேய்ச்சல் நிலத்துல நடந்துக்கற முறை

இது பார்க் இல்ல, ஒருத்தரோட வேலை இடம். வேலிக் கதவைத் திறந்தா திரும்ப மூடுங்க. மின்சாரக் கம்பி வேலில பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கும், அதைப் புடிச்சு கழட்டி திரும்ப மாட்டுங்க, கம்பியைத் தொடாதீங்க. புல்லை மிதிச்சு வழி போடாம பாதையிலயே போங்க, அந்தப் புல்தான் மாட்டோட சாப்பாடு.

மாடு விஷயத்துல ரொம்ப கவனம். கன்னுக்குட்டி கூட இருக்கற பசு கிட்ட போகவே கூடாது, அழகா இருக்குன்னு கன்னைத் தொட்டு செல்ஃபி எடுக்கப் போய் முட்டு வாங்கினவங்க உண்டு, சுவிஸ்ல இதுல உயிரே போயிருக்கு. பாதையிலயே மந்தை நின்னா பெருசா சுத்திப் போங்க. பசு தலையைத் தாழ்த்தி உங்களையே பாத்துச்சுன்னா முதுகைக் காட்டி ஓடாம மெல்லப் பின்வாங்குங்க. நாய் கூட்டிட்டு வந்தா கயித்துல புடிச்சு வெச்சுக்கணும், ஆனா மாடு தாக்க வந்தா கயித்தை விட்டுடணும், மாடு நாயைத்தான் குறி வெக்கும், நாய் ஓடித் தப்பிச்சுக்கும்.

ஆட்டு மந்தைக்குப் பக்கத்துல பெரிய வெள்ளை நாய் குரைச்சுட்டு வந்தா அது ஓநாய் கிட்ட இருந்து ஆட்டைக் காக்கற காவல் நாய். நின்னுடுங்க, ஸ்டிக்கை ஓங்காதீங்க, கண்ணோட கண்ணு பாக்காதீங்க, அது மோந்து பாத்து அடங்கினதும் மந்தையை விட்டு விலகி மெதுவா நடங்க.

அவசரம்னா வாலிஸ் பக்கம் 144, பெர்ன் பக்கம் 1414, எது தெரியலன்னாலும் 112. மலை மீட்பு ஹெலிகாப்டருக்கு பில் வரும், அதனால அது கவர் ஆகற டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்துட்டு வாங்க.

இறங்கறதும் திரும்பறதும்

ஷ்பிட்டல்மாட்டேல இருந்து சுன்பியூல் வரைக்கும் லேசான ஏத்த இறக்கம்தான், அகலமான வழி. சுன்பியூல் ரோப் கார் கடைசி நேரத்தை காலைலயே பாத்து வெச்சுக்கோங்க, விட்டுட்டா 700 மீட்டருக்கு மேல செங்குத்தா காட்டு வழி இறங்கணும், ரெண்டு மணி நேரம் ஆகும், களைச்ச காலுக்கு அது நல்லதில்ல. கீழ இறங்கினதும் பஸ் காண்டர்ஷ்டேக் ஸ்டேஷனுக்குக் கொண்டு விடும்.

பெர்ன்ல தங்கியிருக்கறவங்களுக்கு இங்கிருந்து ரயில்ல ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. லக்கேஜ் லாய்கர்பாட்ல இருந்தா கோப்பன்ஷ்டைன் வழியா ப்ரிக் போற ரயிலை ஏறுங்க, 1913ல திறந்த பழைய லோட்ச்பெர்க் டனல் வழியா போகும், நீங்க நாள் முழுக்க நடந்து தாண்டின மலைத்தொடரை பதினாலரை கிலோமீட்டர் இருட்டுல சில நிமிஷத்துல திரும்பத் தாண்டிடுவீங்க. டனலை விட்டு வெளிய வந்ததும் வலது பக்க ஜன்னல் புடிங்க, ரோன் பள்ளத்தாக்கு ரொம்ப ஆழத்துல தெரியும். ப்ரிக்ல மாறி லாய்க், அங்கிருந்து லாய்கர்பாட்டுக்கு பஸ், கடைசி பஸ் நேரத்தையும் காலைலயே பாத்துடுங்க. ஸ்விஸ் ட்ராவல் பாஸ் இருந்தா ரயிலும் பஸ்ஸும் அதுலயே அடங்கும், ரோப் காருக்கு தனியா டிக்கெட் எடுக்கணும், பாஸ் காட்டினா தள்ளுபடி உண்டான்னு கவுன்டர்ல கேளுங்க. சீக்கிரம் வந்து சேந்துட்டீங்கன்னா வெந்நீர்க் குளம் திறந்திருக்கும், ஸ்விம் டிரஸ் ஹோட்டல்லயே எடுத்து வெச்சுட்டுக் கிளம்பினா நேரா போய் இறங்கிடலாம்.